இடியாப்ப மேஜையும் கக்கூஸ் லோரியும்

ஜூலை 11, வெள்ளி

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். கமுந்திங் பட்டறையிலிருந்து கக்கூஸ் குழி அள்ளும் லோரியை நானே ஓட்டி வந்தேன். தொட்டி பழையது, பம்ப் புதுசு. பச்சைப் பெயிண்ட். இத்தனை வருடம் அடுத்தவன் லோரி ஓட்டியாயிற்று, இப்போது கதவில் என் பெயர். சிக்னலில் நின்றபோது தலையை வெளியே நீட்டி அதைப் படித்தேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

வாங்க வேண்டியவை: ரப்பர் பூட்ஸ், கையுறை, குழாய்க்கு வாஷர், டெட்டால், எலுமிச்சம்பழம்.

குழாய் பிடிக்கும் கெலிண்டான் வேலைக்கு என் மச்சினன் ரவி, கமலாவின் தம்பி, வருகிறான். நாற்றம் தாங்குவாயா என்று கேட்டேன். "மீன் வித்த காசு நாறவா போவுது மச்சான்?" என்றான். வாய் மட்டும் எஸ்டேட் மேனேஜர் வாய்.

லோரி நிறுத்த வேறு இடம் இல்லை, வீட்டு வாசல்தான். அங்கேதான் கமலாவின் இடியாப்ப மேஜையும். ஆலையில் லோரி ஓட்டும் வேலை போனபிறகு அந்த மேஜைதான் எங்களுக்குச் சோறு போட்டது. மகள் தஞ்சோங் மாலிமில் படிப்பதும் அதனால்தான். கமலாவைக் கேட்டேன். "கழுவி நிறுத்துனா சரிலா" என்றாள். மாவு பிசையப் போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறந்தால் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது. அதனால் அவசர அவசரமாக இன்றைக்கே லோரி பூஜை. சூடம், தேங்காய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

படையல் வைக்க மேஜை இல்லை. உன் மேஜையை இழுத்துப் போடு என்று கமலாவிடம் நான்தான் சொன்னேன். இடியாப்பம், கேசரி, சுண்டல். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். ரவி படம் எடுத்தான். முன்னால் மேஜை, நடுவில் இடியாப்பத் தட்டோடு கமலா, பின்னால் மாலை போட்ட லோரி, சுருட்டிய குழாய். நன்றாக விழுந்திருந்தது. பட்டுப் புடவையில் கமலாவைப் பார்த்து எவ்வளவு நாள்.

எங்கள் தாமான் வீடுகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "சொந்தத் தொழில். கக்கூஸ் குழி நிறைந்தால் கூப்பிடுங்கள். இடியாப்பமும் கிடைக்கும்." கடைசி வரி தமாஷுக்கு.

நிறைய பேர் வாழ்த்துகள், கும்பிடும் கை. ரவிக்கு அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் வேலை. சுங்கை சிப்புட் தாண்டி ஒரு பழைய தோட்டம். ரப்பர் போய் செம்பனை வந்து, கம்பெனியும் போய், இப்போது ஒரு லயத்து வரிசை வீடுகளில் சில குடும்பங்கள் மட்டும். லயத்துக்கே சேர்த்து ஒரு குழி. கடைசியாக எப்போது அள்ளியது என்று யாருக்கும் தெரியவில்லை.

மூடியைத் திறந்து காற்றுப் போக விட்டோம். மேலே ஆடை காய்ந்து தரை மாதிரி இருந்தது. தண்ணீர் அடித்து, கழியால் உடைத்து, கலக்கி, அப்புறம்தான் பம்ப் இழுத்தது. குழந்தைத் துணி, சிமெண்டுப் பை, ஒரு செருப்பு. குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. ரவி செம்பனை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நான் எடுக்கவில்லை. எடுத்தால் முதலாளிக்கு மரியாதை இல்லை.

கழிவு இறக்கும் நிலையத்தில் லோரி வரிசை. வீடு வர இருட்டிவிட்டது. கமலா வெளியில் தனி வாளி வைத்திருந்தாள், என் உடுப்புக்கு. மேஜையில் பாதி இடியாப்பம் அப்படியே.

"என்ன, வியாபாரம் இல்லையா?"

"மழைலா" என்றாள். இன்றைக்கு மழையே இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். இடியாப்பம் காலையிலும் ராத்திரியிலும் நாங்களே சாப்பிட்டோம். வழக்கமாக வாங்கும் எதிர்வீட்டு நர்ஸ் தலை குனிந்து காடியில் ஏறிப் போனாள். மூன்றாம் வீட்டு மாமா கடந்த வாரம்வரை இரண்டு பொட்டலம், இப்போது சர்க்கரை வியாதியாம்.

கடையில் டீ குடிக்கும்போது முதுகுக்குப் பின்னால்:

"அந்தக் கக்கூஸ் லோரி வூட்லயா வாங்குறீங்க?"

"ஐயே, முன்னலா வாங்குனேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும், அப்புறம் அவன் முகத்தில் விழித்தே ஆக வேண்டும். டீயை வைத்துவிட்டு வந்தேன். கமலாவிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் எதையோ சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

வெயில். கமலாவுக்கு ஆடி மாதம்தான் அறுவடை. வெள்ளிக்கு வெள்ளி அம்மன் கோயிலுக்கு இடியாப்பமும் சுண்டலும் அவள்தான். கமிட்டியில் இருக்கும் தவமணி டீச்சர்தான் ஆர்டர் கொடுப்பார். நேற்றே அரிசி மாவு வறுத்து வைத்திருந்தாள்.

விடியும் முன்னே டீச்சரின் குரல் பதிவு. "கமலா, தப்பா நினைக்காதம்மா. கமிட்டியில வேற ஆள் பாத்துட்டாங்க. உன் கைப்பக்குவத்துல ஒரு கொறையும் இல்லை. அந்தப் படத்தப் பாத்து சில பேரு பேசுறாங்க. சாமி காரியம் பாரு."

கமலா ஒரு தடவைதான் கேட்டாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"படத்த எடுத்துடுங்க."

எடுத்தேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று நிற்கிறது, அதுவே இன்னும் மோசம். சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அவள் தோழிகள் குழுவரைக்கும் அந்தப் படம் போயிருக்கிறது. "அம்மாவ ஏன்பா லோரி முன்னாடி நிக்க வச்சீங்க?" என்று அழுதாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் இந்த ஊர் வாயைத் திறந்துவிட்டது நான்தானே.

வறுத்த மாவு ஒரு வாளி. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் நடமாடினோம்.

ஜூலை 21, திங்கள்

மழை. லோரியைச் சீனன் பட்டறைப் பின்புறம், ஈயம் தோண்டிய பழைய குட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வாசலை பிளீச் போட்டுக் கழுவினேன். மேஜையையும் கழுவினேன், மூன்று தடவை. யாரும் வரவில்லை. பிளீச் வாசம்தான் மிச்சம்.

லோரியை விற்றுவிடுகிறேன் என்று கத்தினேன். கோபம் அவள்மேல் இல்லை, ஆனால் கத்துவதற்கு அவள்தான் இருக்கிறாள்.

"வித்துட்டா? திரும்ப வந்து வாங்குவாங்களா?"

மறுபடி பிளீச் வாளியைத் தூக்கினேன்.

"நான் ஏதாவது சொன்னேனா உங்கள? சும்மா இருங்கலா."

சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால்கூடத் தேவலை.

ஜூலை 24, வியாழன்

ரவி வேலையை விட்டு நின்றுவிட்டான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "பொண்ணு வூட்ல என்ன வேலைன்னு கேட்டா என்னத்த சொல்றது மச்சான்? தஞ்சோங் மாலிம் காடி பேக்டரில ஆள் எடுக்குறாங்களாம், போறேன்." என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைக் கழற்றி வைத்தான். கழுவி வைத்திருந்தான், அதைச் சொல்ல வேண்டும்.

தனியாக ஒரு வேலைக்குப் போனேன். போகக் கூடாது. ஒருவன் குழியருகே, ஒருவன் பம்பருகே, அதுதான் முறை. குழாய் நழுவிற்று. குனிந்து பிடித்தபோது முகத்தில் காற்று அடித்தது. அழுகிய முட்டை வாசம், பிறகு வாசமே இல்லை. வாசம் தெரியாமல் போனால் ஓடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஓட முடியவில்லை. முழங்கால் மடிந்துவிட்டது. குழிப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்தேன், அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

வீட்டுக்காரர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

கமலா என் சிலுவாரில் முழங்கால் சேற்றைப் பார்த்தாள்.

"வழுக்கிடுச்சு" என்றேன்.

"உதடு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

பசி என்றேன். பயமாக இருந்தது.

ஜூலை 25, ஆடி வெள்ளி

கமலா கோயிலுக்குப் போகவில்லை. இடியாப்ப உரல், மூங்கில் தட்டுகள் எல்லாவற்றையும் கழுவி, காய வைத்து, பழைய பேப்பரில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றினாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே இறங்கி, ரவியின் பூட்ஸில் கால் விட்டுப் பார்த்தாள். பெரிசு. துணி வைத்து அடைத்தாள்.

"திங்கக்கெழம வேல இருக்குன்னீங்கல்ல. நான் வாரேன்."

முடியவே முடியாது என்றேன். என் பெண்டாட்டியை அந்த வேலைக்குக் கூட்டிப் போனால் நான் மனுஷனா என்றேன். இன்னும் என்னென்னவோ.

நான் முடிக்கும்வரை கேட்டாள். "செய்யாதப்பவே நாறுதுன்னுட்டாங்க. செஞ்சா என்ன? நீங்க தனியா போயி குழியில விழுந்தா நான் யாருக்கு ஆக்குறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. லோரிச் சாவியைத் தேடுவதுபோல் வெளியே போனேன்.

ஜூலை 28, திங்கள்

மேகமூட்டம். இருவருமாக முதல் நாள். முகமூடி, தொப்பி, என் பழைய முழுக்கைச் சட்டை. வழியில் கமலா "இந்த சீட்டு ஏன் இப்படி ஆடுது" என்றாள்.

முதல் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். முதல் வேலையன்று பார்த்த ஒரு அக்காதான் தன் வீட்டுக் குழிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். கமலா குழியருகே, நான் பம்பில். குழாய் துள்ளியபோது இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். வாந்தி வந்தது, துப்பிவிட்டுத் திரும்பவும் பிடித்தாள். அவளைப் பார்க்காமல் பம்ப் மீட்டரையே பார்த்தேன். ரவி இருந்தபோது மீட்டரை இவ்வளவு பார்த்ததில்லை.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி சோப்பு. மறுபடி. அந்த அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க தங்கச்சி, சாப்ட்டு போலாம். கருவாட்டுக் குழம்புதான்."

"இல்லக்கா. வெளிய குடுங்க."

"அட, இது என்னா பேச்சு? நம்ம வூட்டுக் குழியத்தான அள்ளுனீங்க? வாமா."

அக்கா கையைப் பிடித்து இழுக்க வந்தார். கமலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் வா என்றேன். வரவில்லை. லோரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா அங்கேயே தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். நல்ல சோறு, ஆவி பறந்தது. கமலா விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். தட்டைப் பார்த்தாள். ஊருக்கே இடியாப்பம் பிழிந்த கை.

"ஒரு கரண்டி இருந்தா குடுங்கக்கா" என்றாள்.