கிரேசியின் பிடியரிசி

அடுப்படி என்ன கோலத்தில் கிடக்கிறதோ என்று கர்த்தரிடம் போயும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் என் கிரேசிக்கு,

கவலைப்படாதே. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடுகிறேன். உன் கோழிகள்தான் என்னை மதிப்பதில்லை. நீ இருந்தபோதும் அப்படித்தானே?

உன் பிடியரிசியையும் நான் விடவில்லை. தினமும் உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துப் பாட்டிலில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவாயே, அதை இப்போது நான் செய்கிறேன். முதல் வாரம் நடந்ததைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஆராதனை முடிந்து காணிக்கை அரிசியைக் கொட்டுவதற்காகப் பெண்கள் ஐக்கியத்து ரோசம்மா என் பாட்டிலைத் திறந்தாள். திறந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, அரிசியக் கழுவினதுக்குப் பொறவாக்கும் பிடி எடுத்திய?"

"ஆண்டவருக்குள்ளதுல்லா, சுத்தமா இருக்கட்டும்ணு நெனச்சேன்."

ஐக்கியம் மொத்தமும் சிரித்தது. சபைப் போதகர் ஐயரும் சிரித்தார். ஈர அரிசி ஒரு வாரம் மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அடுத்த தொல்லை என் கை. உன் பிடி சின்னது. என் பிடியில் ஒரு ஆளுக்கான அரிசியில் பாதி போய்விடும். ஆண்டவருக்கு உள்ளதைக் குறைக்க மனசில்லை, எனக்கும் பசிக்கும். அதனால் அரிசியைக் கூட்டிப் போட்டேன். சோறு மிஞ்சத் தொடங்கியது.

இதற்கிடையில் நம் ஜெபின் கொச்சியிலிருந்து தினமும் கூப்பிட்டான். "ஒத்த ஆளுக்கு எதுக்குப்பா அடுப்பு? வீட்டப் பூட்டிட்டு இங்க வாருங்க." பிள்ளை சொன்னதில் தப்பில்லை. நீ இல்லாத வீட்டில் மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியை எடுத்துத் தூசியும் தட்டினேன்.

அந்த வாரம்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் நீலகண்ட பிள்ளை சார் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். சர்க்கரை இறங்கிப்போன மயக்கம். ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். மனைவி போன பிறகு அவர் வீட்டில் அடுப்பே எரிவதில்லையாம். மத்தியானத்துக்குப் பனச்சமூட்டுக் கடைச் சாயாவும் பன்னும்தான். சர்க்கரை வியாதிக்காரனுக்கு இதுவா சாப்பாடு?

"சாரே, நாளை முதல் உமக்குச் சோறு எனக்க வீட்டிலயாக்கும்" என்றேன்.

"உமக்க சட்டியெல்லாம் மீனுல்லா வோய் மணக்கும். எனக்கு வேண்டாம்."

சைவக்கார மனுஷன் சொன்னது நியாயம்தான். பாறசாலைச் சந்தையில் புதுச் சட்டிகள் வாங்கினேன். மத்தியானம் இனிப் பருப்பும் காய்கறித் தோரனும்தான் என்று வாக்குக் கொடுத்தேன். நாம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில்தானே மீனை விடுவோம்? பிள்ளை சார் புண்ணியத்தில் எனக்கு வருஷம் முழுவதும் லெந்து. ராத்திரி மட்டும் சாளை மீன் பொரித்துக்கொள்கிறேன். உன்னளவுக்குப் பரிசுத்தம் எனக்கு வராது.

முதல் நாள் வந்து உட்கார்ந்தார். சோறு விளம்பினேன். நம் வீட்டில் ஜெபிப்பது நீ, ஆமென் சொல்வது நான். அதோடு, பசித்து வந்தவரை உட்கார வைத்து நம் ஜெபத்தைக் கேட்கச் செய்வது மரியாதையாகவும் படவில்லை. பேசாமல் பருப்பை ஊற்றினேன். அவர் கையை மடியில் வைத்தபடியே இருந்தார்.

"என்ன சாரே, உப்பு வேணுமா?"

"ஜெபிக்கல்லியா?"

"உமக்குச் சங்கடமா இருக்குமேண்ணு..."

"எனக்கென்ன சங்கடம்? கிரேசி ஜெபிக்கியது எல்லா நாளும் அங்க கேக்கும். கடைசியில எனக்க வீட்டையும் சொல்லுவா. அவ போன பொறவு எனக்காகச் சொல்ல ஆளில்ல வோய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கிரேசி. 'பக்கத்து வீட்டையும் ஆசீர்வதியும்' என்று நீ சொல்லும்போது நான் உன் அருகில்தான் இருந்தேன். சோறு ஆறுகிறதே என்றுதான் என் நினைப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் அதற்காகக் காத்திருந்தது உனக்காவது தெரியுமா?

ஜெபித்தேன். உன் வார்த்தைகள்தான் வந்தன. பக்கத்து வீடு வரும் இடத்தில் நாக்குத் தடுமாறியது, அந்த வீடே என் எதிரில் உட்கார்ந்திருக்கிறதே! "நீலகண்ட பிள்ளை சாரையும்" என்றேன். முடித்ததும், ஆமென் சொல்ல யாருமில்லையே என்று விழித்தேன்.

"செரி வோய், தின்னலாம்" என்றார் அவர்.

அன்றைக்குச் சோறு இறங்கியது.

சாயங்காலம் ஜெபினிடம் சொன்னேன்: "நான் வரல்ல மக்கா. இங்க ரெண்டு பேருக்குப் பொங்கணும்." அவன், "அப்ப லீவுக்கு நாங்க வாறோம். அரிசி கூட்டிப் போடுங்க" என்றான். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

நாளையும் உலை வைப்பேன், கிரேசி. கழுவும் முன்பே பிடி எடுப்பேன். ராத்திரியிலும் மதிலைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாகவே ஜெபிப்பேன். உனக்கும் கேட்குமல்லவா? கேட்டால் ஒரு ஆமென் சொல். இனி அது உன் முறை.

இத்தனை நாளும் ஆமென் மட்டும் சொல்லிவந்த
உன் வீட்டுக்காரன்,
செல்லையன்