போத்தனூரில் அம்மா தூங்கிய அறை

கருமத்தம்பட்டி,
வைகாசி 20

அன்புள்ள மதன்குமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம் கண்ணு, நியூசிலாந்துக் குளிரில் நீயும் மருமகள் கனிஷ்காவும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடுதாசி.

சித்திரையில் அம்மா மயங்கி விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்குத் தெரியும். இனி அவளுக்குச் சூடு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் கான்கிரீட் வீடோ அடுப்பு மாதிரி கொதிக்கிறது, ஏசி போட்டால் அவளுக்கு மூட்டு பிடித்துக்கொள்கிறது. மரச் சட்டம் நிறுத்தி, நடுவில் சூடு தடுக்கும் நுரை வைத்த பலகைகளையே சுவராகவும் கூரையாகவும் பொருத்தி நம் தோட்டத்தில் ஒரு வீடு கட்டலாம் என்று நீ படம் அனுப்பினாய். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கோழிப்பண்ணை மாதிரி இருக்கும், கரையான் தின்றுவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை. இன்ஜினியரிங் படித்த பையன் அங்கே போய் மர வீடு கட்டும் தச்சு வேலையில் சேர்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருடமாகச் சொந்தக்காரர்களிடம் நீ ஆபீஸில் இருப்பதாகத்தான் சொல்லி வந்தேன். அது தப்பு.

நீ என்னோடு வாதாடவில்லை. போத்தனூரில் மரப் பட்டறை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸ் பாயிடம் பேசி, பட்டறை வாசலில் பத்துக்குப் பத்தில் ஒரு மாதிரி அறையை நிறுத்தச் சொன்னாய். அம்மா பிடிவாதம் பிடித்ததால் போன செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் கூட்டிப் போனேன். கரையான், நெருப்பு என்று நான் கேட்டுக்கொண்டே போக, எல்லாம் சொல்றனுங்க, முதல்ல அம்மாவை உள்ள உட்கார வைங்க என்றார் பாய். பேசி முடித்து எட்டிப் பார்த்தால், ஒரு காற்றாடி மட்டும் ஓட, அம்மா சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. பாய் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் நான் அங்கேயே நின்றேன். சுவர் வெளியே கை வைக்க முடியாமல் சுட்டது, உள்ளே தொட்டால் சூடே இல்லை. எழுந்ததும் அம்மா கேட்டாள், "ஏனுங்க, நம்ம பையன் கட்டற ஊடெல்லாம் இப்படித்தான் இருக்குமுங்களா?" நான் பாயிடம் திரும்பி, "எம் பையன் அங்க இந்த வேலைதானுங்க செய்யறான்" என்றேன். அவருக்கு அது முன்பே தெரியும். ஆனால் என் வாயால் ஒருவரிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது கிணற்றுக்குக் கிழக்கே இடம் சுத்தம் செய்தாயிற்று. கரையான் மருந்து அடித்து, வீடு நிற்கும் மேடையை ஒன்றரை அடி உயர்த்தலாம் என்கிறார் பாய், போதுமா என்று நீ பார்த்துச் சொல். பலகை செய்யும்போதே ஒயருக்கு வழி விட வேண்டும், சுவிட்சு எங்கே என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அம்மா வெறும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் நடந்து நடந்து பார்க்கிறாள். கிரைண்டர் பிளக்கை மூன்று தடவை இடம் மாற்றியாயிற்று. நேற்று நான் தெரியாமல் கோட்டைத் தாண்டி வந்துவிட்டேன், செவுத்துக்குள்ள பூந்து வாரீங்களே, வாசப்படி அந்தப் பக்கமுங்க என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நான் முகம் கொடுத்துப் பேசாத வருடங்களிலும் ஞாயிறு தவறாமல் போன் செய்து என்னையும் விசாரித்தாய், நான்தான் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவேன். பெற்ற பையனுக்கு நன்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ரொம்ப நன்றி கண்ணு.

பஞ்சாயத்து அனுமதி கிடைத்ததும் ஆவணியில் மரச் சட்டம் நிறுத்தலாம். பாயின் ஆட்களே நிறுத்திவிடுவார்கள், ஆனால் நீ வந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. சொந்தக்காரர்களையெல்லாம் அன்றைக்குக் கூப்பிடுகிறேன், நீ செய்வதை நேரில் பார்க்கட்டும். ஒரு மாதம் லீவு கேட்டுப் பார். உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை மறக்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு.

வேலை தொடங்கும் நாளில் நான் எந்தப் பக்கம் நின்று எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல், பிடித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
பொங்கியண்ணன்