சங்கத்தில் கையெழுத்துப் போடுமுன்

குடவாசல் வழி,
2-2-1968

சிரஞ்சீவி அமிர்தலிங்கத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பம்பாயில் நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இன்றைக்குக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறேன், என் உடம்பில் அடி படவில்லை.

செம்பூரில் வீடு வாங்கப்போவதாகவும் அங்கே வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி தருவார்கள் என்றும் எழுதி, சேரலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். வாசலில் காவல்காரன், நேரத்துக்குத் தண்ணீர், படிக்கட்டு பெருக்க ஆள், எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொள்ளும், கண்டவர்களைக் குடிவைக்கவும் விடமாட்டார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை மட்டும் நான் மறுபடி மறுபடி படித்தேன். நானும் ஒரு சங்கத்தில் இருக்கிறவள் இல்லையா.

நல்லதை மறைக்கமாட்டேன். உன் பெரியப்பா சாரங்கபாணி இரண்டு வருஷத்துக்கு முன் நிலச்சொந்தக்காரர் சங்கம் ஆரம்பித்தபோது முதல் ஆளாகச் சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் நம் வயலுக்கு உன் அப்பா இருந்த காலத்திலேயே தண்ணீர் ஏறாது. சங்கம் வந்து தூர் வாரினார்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், ஆடு மாடு பயிரில் இறங்குவது நின்றது, ஒண்டிப் பொம்பளை என்று என்னை ஏய்த்தவர்கள் அடங்கினார்கள். களத்தில் கதிர்க்கட்டு திருட்டுப் போனபோது கூட்டத்தில் எழுந்து காவலுக்கு ஆள் போடுங்கள் என்று சத்தம் போட்டவளே நான்தான். வெளியூரிலிருந்து எட்டுப் பேர் வந்து நம் கொட்டகையில் தங்கினார்கள், நான்தான் சோறு போட்டேன். தடி வெட்டிக்கொள்ள நம் கொல்லை மூங்கிலைக் காட்டியதும் நான்தான்.

ஆட்சி மாறியதும் கூலி உயர்த்தச் சொல்லி அறுப்பு ஆட்கள் தங்கள் தெருவில் செங்கொடி ஏற்றினார்கள். உடனே நம் சங்கம், இனி உள்ளூர் ஆளை யாரும் அறுப்புக்கு விடக்கூடாது, வெளியூர் ஆள்தான் என்று தீர்மானம் போட்டது. நானும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் அந்தக் கொடியைக் கண்டால் எரிச்சல்தான், உன்னிடம் பொய் சொல்வானேன். ஆனால் தம்பி, நட்டவர்கள்தான் அறுப்பார்கள் என்பது நம் வயலில் உன் தாத்தா காலத்து வழக்கம், நட்டது நம் வீரையனும் அவன் பெண்டாட்டி அம்சவல்லியும். சேற்றில் நின்று நட்டவளை அறுப்புக்கு வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வயல், எவன் கேட்பான் என்று இருந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர்கள் பாதி வயல் அறுத்திருந்தார்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வரப்பில் வரும்போதே எட்டுப் பேரும் இறங்கிவிட்டார்கள். வீரையன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். கும்பிட்ட கையிலேயே அடித்தார்கள், எலும்பு முறிகிற சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. விழுந்தவனை வாயில் மிதித்தார்கள், மேலே விழுந்து மறைத்த அம்சவல்லியின் முதுகிலும் இறங்கியது தடி. அறுத்துப் போட்ட நெல் அரியெல்லாம் ரத்தம், அதைக் குவித்துத் தீயும் வைத்தார்கள். பாவிகளா, விடுங்கடா என்று நான் கஞ்சிச் சட்டியை வீசினேன். தினமும் என் கையால் மோர் வாங்கிக் குடித்தவன் ஒருத்தன் திரும்பி, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, இது சங்கத்து வேலை, நீங்களும் கையெழுத்துப் போட்டதுதானே" என்று மரியாதையாகவே சொன்னான். தம்பி, அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் கையில் இருந்தது நம் வீட்டு மூங்கில்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வீரையனின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்று உன் பெரியப்பா ஒரு காகிதம் கொண்டுவந்தார். வீரையன் நம் வைக்கோல் போரிலிருந்து தவறி விழுந்தான், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் மடை அடைபடும், மீதி வயலை அறுக்க ஒரு ஆள் இறங்காது, அப்புறம் நடப்பதற்குச் சங்கம் பொறுப்பில்லை என்றார். "ஒருவாட்டி படிக்காம போட்டுட்டேன், இந்தவாட்டி படிச்சுட்டேன்" என்று சொல்லி அவர் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டேன்.

சங்கமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மருமகள் வேலைக்குப் போகிறவள், தண்ணீரும் காவலும் இருந்தால் குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் விதியை மீறினால் என்ன செய்வார்கள், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள விடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள். யாரை உள்ளே விடக்கூடாது என்று எழுதியிருக்கிறதோ அந்த வரியை இரண்டு தடவை படி. நாளைக்கு அந்த ஆள் உன் வாசலில் அடிவாங்கும்போது உன் கையெழுத்தும் சேர்ந்துதான் அடிக்கும்.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டு அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பார்த்ததைச் சொல்வேன், நான் சோறு போட்டதையும் மூங்கில் கொடுத்ததையும் விடாமல் சொல்வேன். குழந்தைக்கு என் முத்தம். குளிர் காலத்தில் தலைக்கு ஊற்றாதீர்கள். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் பத்திரமாகப் பெட்டியில் வை. உன் அம்மா வைக்கோல் போரிலிருந்து தவறி விழுந்துவிட்டாள் என்று தந்தி வந்தால் நம்பாதே, நான் போரில் ஏறி இருபது வருஷமாகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரகதாம்பாள்