அறுபத்தெட்டு கிலோ

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா, உன் முதுகுவலி விட்டதா? இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்த முறை அப்படி எழுத மனசு வரவில்லை, பதறாதே, பொறுமையாகப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், உன் கேள்வியில் பாதிக்கு அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். இப்போது குளிக்கப் போயிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளியல், மூச்சு வாங்கி வாங்கி முடிக்க முக்கால் மணி ஆகும். பத்து மணிக்கு நர்ஸ் வரவேண்டும், அதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

அப்பாவின் இதயம் ரத்தத்தை இறைக்கிற வேலையில் தளர்ந்துவிட்டது, இனி உடம்பில் நீர் தங்கப் பார்க்கும் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்களே, அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கு வருகிற நர்ஸ்தான். உன் வயதுதான் இருக்கும். மூன்று மாடி ஏறி வந்ததும் முதல் வேலையாகக் கையைக் கழுவுவாள், அதட்டல் உருட்டல் ஒன்றும் கிடையாது. உப்பைக் குறை என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும்தான் சொன்னார்கள், இவள் சமையலறைக்குள்ளேயே வந்து அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்தாள், பிஸ்கட்டில்கூட உப்பு இருக்கிறதாம், இத்தனை வயசில் எனக்குத் தெரியாது. தண்ணீருக்கு ஒரு பாட்டில், ஒன்றரை லிட்டர், காலையில் நிரப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான், டீ குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். இன்னொன்று கேள், கடிகாரக் கடை நண்பரைப் பார்க்கப் போகிற நாளெல்லாம் உன் அப்பா நீர் மாத்திரையைப் போடாமலே போயிருக்கிறார், அங்கே கக்கூஸ் இல்லையாம். நான் கண்டுபிடித்திருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். அவள் டாக்டரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அன்னைக்கு மட்டும் திரும்பி வந்ததும் போட்டுக்கோங்க ஐயா, ஆனா விட்டுடாதீங்க என்று முடித்துவிட்டாள். அப்பா அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருக்கிறார். அவரை மடக்கியவள் ஆயிற்றே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், உடனே எனக்குப் போன் பண்ணுங்க என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். யாரிடம் சொன்னாள் பார். முப்பத்துநாலு வருஷம் கடை கடையாக எடை மிஷின் ரிப்பேர் பார்த்த மனுஷரிடம். மார்க்கெட்டில் அவருக்குப் பேரே அறுபத்தெட்டுதானே. எடைக்கல்லைச் சுமக்கச் சோம்பல்பட்டு, மிஷினைச் சரி பண்ணியதும் தானே ஏறி நிற்பார், அறுபத்தெட்டு காட்டினால் மிஷின் சரி. எங்கள் கல்யாணத்தின்போதும் அறுபத்தெட்டு, நீ பிறந்தபோதும் அறுபத்தெட்டு, ஆஸ்பத்திரியில் நீரெல்லாம் இறக்கி அனுப்பியபோதும் அறுபத்தெட்டு என்றதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டு மிஷினில் ஒரு மாதம் முள் அரைக்கிலோ அப்படி இப்படி ஆடி அதைச் சுற்றியே நின்றது. அப்புறம் ஒரு நாள் அறுபத்தொன்பதைத் தாண்டியது. ஸ்பிரிங் தளந்துபோச்சு, தளந்தா கூடத்தான் காட்டும் என்றார். மிஷினைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்து ஸ்பிரிங்கை இறுக்கினார், ஏறி நின்றார், அறுபத்தெட்டு. நாலைந்து நாளில் மறுபடியும் ஏறியது, மறுபடியும் இறுக்கினார். இப்படி மூன்று தடவை. போன வாரம் நீ கேட்டபோது எடை அப்படியேதான் இருக்கிறது என்று நாங்கள் சொன்னதும், நீ அப்பாடா என்றதும் இந்தக் கதைதான்.

இரு, தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்றுமில்லை, சோப்புப் போடுகிறாராம், உள்ளேயிருந்து எரிந்து விழுகிறார். எரிந்து விழுந்தால் நல்லதுதான்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை கண்ணு. அந்த அடிமூடியைத் திறக்கும்போது டார்ச் பிடித்தது நான்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்றாவது தலையணையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் விழுந்த தடம் மதியம் வரைக்கும் மறையவில்லை, அதையும் பார்த்தேன். எல்லாம் தெரிந்தும், முள் அறுபத்தெட்டில் நின்றால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. பயந்துபோய்த்தான் அப்படி இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நர்ஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினெட்டு நாளா எந்த மனுஷனுக்கும் எடை இப்படி ஆணி அடிச்ச மாதிரி நிக்காதே ஐயா என்றாள். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள், பள்ளம் விழுந்தது, எழும்பவே இல்லை. பையிலிருந்த தன் மிஷினைத் தரையில் வைத்து ஏறச் சொன்னாள். எழுபத்திரண்டு. அப்பா சிரித்துவிட்டார், இது பாட்டரி மிஷின், பாட்டரி இறங்கினா வாய்க்கு வந்ததைச் சொல்லும் என்றார். அவள் வாதாடவில்லை. எனக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும், ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க ஐயா என்றாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த ஐந்து கிலோ எடைக்கற்கள் நாலில் இரண்டை இழுப்பதற்குள் அவருக்கு இரைத்துவிட்டது, ஒரு வார்த்தை பேச முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார், மற்ற இரண்டையும் அவள்தான் எடுத்து வந்தாள். அவள் மிஷினில் இருபது. எங்கள் மிஷினில் முள் பத்தொன்பதைக்கூடத் தொடவில்லை. இறக்கி மறுபடியும் ஏற்றச் சொன்னார், அதேதான். தராசில் ஏமாற்றுகிறாயா என்று எத்தனை கடைக்காரர்களை முகத்துக்கு நேராகக் கேட்ட மனுஷர். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ள நானே கள்ளத்தராசு வச்சிருந்திருக்கேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் ஜன்னல் பக்கம் போய் டாக்டருக்குப் போன் பண்ணினாள். மாத்திரை கூடியது, மூன்று நாளில் எழுபதுக்கு இறங்கியது. அப்பா கற்களை வைத்து மிஷினை ஒழுங்காகச் சரி பண்ணி, அடிமூடியில் டேப் ஒட்டி, முத்திரை இல்லாத தராசு செல்லாது என்று நர்ஸிடமே கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் முந்தாநாள் எழுபதரையைத் தாண்டியது, நேற்று இன்னும் ஏறியது, இன்றைக்கு எழுபத்திரண்டுக்கும் மேலே. உப்பில் தப்பு நடக்கவில்லை, மாத்திரை ஒன்றுகூட விடவில்லை, இருவருமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். அவரே முள்ளைப் படித்தார், அவரே இறங்கி வந்து, இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணு, இன்னைக்கே வரச் சொல்லு என்றார். இன்றைக்கு அவள் வருகிற நாள் இல்லை, ஆனாலும் பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசியில்தான் நீரை இறக்கணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், போனால் எத்தனை நாளோ, அடுத்து என்னவோ.

நீ போனில் அவரைத் திட்டாதே, ஏற்கனவே நொந்துபோயிருக்கிறார். சாப்டீங்களா என்று கேட்பதற்குப் பதிலாக இன்னைக்கு எடை எவ்வளவுப்பா என்று கேள், உன்னிடம் அவருக்குப் பொய் வராது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, நாள் முழுக்கக் கூனிக்கொண்டு வேலை பார்க்காதே. காலையில் எடையை நோட்டில் எழுதியதும், பாப்பாவுக்கு லீவு எப்ப என்று உன்னைப் பற்றிக் கேட்டார். இன்னும் ஆறு மாசம் இருக்கே என்றேன், சரி சரி என்றார். குளிக்கப் போகும்போது, கேட்டதே இல்லாத மாதிரி, மறுபடியும் அதையே கேட்டார். நீ வெளியூர் போன இந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருக்கிறாரா?

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். நர்ஸ் திரும்பிப் போகும்போது அவளிடமே இதைத் தபாலில் போடக் கொடுக்கிறேன், உன் கைக்கு வர நாலு நாள் ஆகும். அதற்குள் நீ போன் பண்ணி வரட்டுமா என்று கேட்பாய், அப்பா பக்கத்தில் இருப்பார், வேண்டாம் அவர் நல்லாத்தான் இருக்கார் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அதை நம்பாதே, இதை நம்பு. என்னைக் கேட்காமல் புறப்பட்டு வா.

உன் பிரியமுள்ள
அம்மா