நான்கு குழிகளும் என் கையெழுத்தும்

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் தையல் மெஷினை மூடி அதன் மேலேயே காகிதத்தைப் போட்டு எழுதுகிறேன். இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நம் தெருவில் மழைத் தண்ணீர் தேங்காமல் பூமிக்குள் இறங்க நகராட்சி நான்கு குழிகள் வெட்டியது. வேலை சரியாக முடிந்ததா என்று தெருக்காரர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இப்போது விதி. ஊருக்கே அளவெடுக்கிறவ நீதானே என்று தெருவே சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டது. நானும் பெருமையாகப் போனேன். மூடியெல்லாம் பூசி மெழுகி, ஓரம் அவ்வளவு சுத்தம். மடிப்பு சுத்தமாக இருந்தால் உள்தையலும் சுத்தமாக இருக்கும் என்று முப்பது வருடமாக ஊறிப்போன புத்தி, மூடியைத் திறக்கச் சொல்லாமலே நான்குக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மழையிலேயே தாழ்வில் இருக்கிற கடைசி வீட்டுக்குள், அதுதான் பஸ் டிரைவர் வீடு, முழங்கால் தண்ணீர். அவர் மனைவி கைக்குழந்தையை மேஜை மேல் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுநாள் நம் தெரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் மூடியை நெம்பி, என் டேப்பின் நுனியில் கத்தரிக்கோலைக் கட்டி இறக்கினேன். காகிதத்தில் எட்டடிக் குழி, என் ஐந்தடி டேப்பே முழுதாக இறங்கவில்லை. நான்கும் அதே லட்சணம்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா, நீயே கையெழுத்துப் போட்டுட்டு நீயே புகார் சொன்னா ஊர் சிரிக்கும், பேசாம இரு என்றார். சிரிக்கட்டும் என்று வார்டுக் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தேன். குரல் எப்படியோ கணீரென்று வந்தது. நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன், தப்பு என் மேலதான், அதை ரத்து பண்ணிட்டு நாலு குழியையும் எல்லார் முன்னாடியும் திறந்து அளங்க என்றேன். காண்டிராக்டர் எழுந்து, அன்னைக்கு ஒப்புக்கிட்டு இன்னைக்கு மாத்திப் பேசினா எப்படி என்று கேட்டார். கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, கையெழுத்துப் போட்டவங்களே தப்புன்னு சொல்றாங்க, திறந்து பாக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம் என்றார். திரும்பிப் பார்த்தால் உங்கப்பா. கல்யாணமான நாளிலிருந்து அவர் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையிலேயே இன்ஜினியர் வந்து திறந்து பார்த்துவிட்டு, திரும்பத் தோண்டச் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் கழுத்தில் டேப்போடு குழியோரமே கதி என்று நின்றேன். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது, ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. மேஸ்திரி எனக்கு இன்ஜினியரம்மா என்று பேர் வைத்துவிட்டார், அப்பா அந்தப் பேரைச் சொல்லித்தான் காபி கேட்கிறார். தண்ணீர் இப்படி இறங்கினால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடப்பதும் குறையுமாம். நீயும் உங்கள் குடியிருப்புக் கூட்டத்துக்கு நேரமில்லை என்று ஒதுங்காதே, நாம் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது.

முந்தாநாள் மத்தியானம் கொட்டு கொட்டென்று கொட்டியது. குடையைக்கூட எடுக்காமல் கடைசி வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. தரையில் ஒரு துணியை விரித்து, அதில் குழந்தை கை காலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. மெதுவா பேசுங்கக்கா, இப்பதான் தூங்கினான் என்றாள் அவன் அம்மா. வாசற்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும். மாப்பிள்ளையின் தோள் அளவை எடுத்து அனுப்ப மறந்துவிடாதே, பழைய அளவை நம்பி இனி எதையும் வெட்ட மாட்டேன். இங்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறது. வரட்டும்.

உன் அன்பு அம்மா