டஸ்ட், இரு

கோத்தகிரி,
ஞாயிறு, மத்தியானம்.

அன்புள்ள அம்மாவுக்கு, ரஞ்சனி எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

கடைவீதி நௌஷாத் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் கிளம்புகிறார். அவரிடம் உனக்குத் தேயிலைத் தூளும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் ஒழுகினால் அவருடைய சட்டையெல்லாம் வீணாகிவிடும் என்று அவர் மனைவி ஹபீபுன்னிசா அக்கா திரும்பத் திரும்பச் சொன்னதால் பையின் மேல் பை போட்டுக் கட்டியிருக்கிறேன். அவிழ்க்கும்போது என்னைத் திட்டாதே. கூடவே இந்தக் கடிதம். நம் டஸ்ட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

டஸ்ட்டை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். நீ போன பிறகு ஃபேக்டரி விறகு ஷெட்டில் அப்பா கண்டெடுத்த குட்டி. டஸ்ட் தேயிலைத் தூளின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. நான் கொழுந்தெடுக்கப் போனால் கூடவே வரும். செடிக்குள் கரடி படுத்திருந்தால் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மற்றப் பெண்களுக்கும் அது வருவது பிடிக்கும்.

ஆனால் காட்டெருமையைக் கண்டால் மட்டும் அதற்குப் புத்தி போய்விடுகிறது. காட்டெருமைகள் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்று உனக்குத் தெரியும். நாம் சும்மா நின்றால் அவை பாட்டுக்குப் போய்விடும். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் டஸ்ட் குரைத்துக்கொண்டே ஒன்றின் காலடிக்குப் போய்விட்டது. அது மிரண்டு, நாங்கள் நின்ற செடி நிரைக்குள்ளேயே ஓடி வந்தது. விலகப் போன பேச்சி அக்கா தண்ணீர் ஓடும் கானில் விழுந்தார், கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சூப்பர்வைசர் மோசஸ் அண்ணன் சொல்லிவிட்டார். “இந்தா பாரு ரஞ்சனி, நாயைக் கட்டி வை. இல்லாட்டி எங்கியாச்சும் கொண்டு போய் உட்டுரு. மறுக்கா இப்பிடி ஆச்சுன்னா நானே வண்டி சொல்லி ஏத்தி உட்டுருவேன். அப்புறம் அழுவாதே.”

கட்டிப் போட்ட நாயைச் சிறுத்தை விட்டுவைக்குமா அம்மா? மேல் லயத்து வீட்டு வாசலில் நாய்ச் சங்கிலி மட்டும் மிச்சம் கிடந்ததை நீயே பார்த்திருக்கிறாய். வீட்டுக்குள் பூட்டி வைத்தால் கதவைப் பிராண்டிப் பிராண்டி நகத்தில் ரத்தம் வரவைத்துக்கொள்கிறது. அதனால், எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஒரு சொல்லுக்கு உட்காரப் பழக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு வழி இல்லை.

வேலை முடிந்து வந்ததும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் பழக்கினேன். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி “இரு” என்பேன். உட்கார்ந்தால் ஒரு துண்டு கருவாடு. பக்கத்தில் நின்றால் ராஜா மாதிரி உட்காரும். நான் நாலு செடி தள்ளிப் போனால் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு என்னிடம் ஓடி வந்துவிடும். எவ்வளவு சொல்லியும் இப்படியே செய்தது. பிறகுதான் யோசித்தேன். உட்கார்ந்ததும் நானே கூப்பிட்டுக் கருவாட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘இரு’ என்றால் உட்கார்ந்து எழுந்து ஓடி வா என்றுதானே அது நினைக்கும்? அன்றிலிருந்து அது உட்கார்ந்த இடத்துக்கே நான் நடந்து போய்க் கொடுத்தேன். அந்தச் சரிவில் ஏறி இறங்கி எனக்கு முட்டி வலி வந்தது. ஆனால் டஸ்ட் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டது.

அப்புறம், பழக்கிப் பார்க்கக் காட்டெருமைக்கு எங்கே போவது? அப்பாதான் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு செடிகளுக்கு நடுவில் நாலு காலில் வந்தார். உறுமவும் செய்தார். விறகு பொறுக்க வந்த கருப்பம்மா அக்கா பார்த்துவிட்டு, “ஏனுங்க தினகரண்ணா, பொண்டாட்டி ஊருல இல்லீன்னா மனுசன் மாடாவே போயிருவாருங்களா?” என்று கேட்டார். அப்பா தலையைத் தூக்காமலே, “சத்தம் போடாதீங்க, நாய்க்குத் தெரிஞ்சிரும்” என்றார். டஸ்ட்டுக்கு அவர் வாசனை தெரியாதா என்ன. வாலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. லயம் முழுக்க இப்போது அப்பாவுக்கு மாட்டண்ணன் என்று பெயர். அவருக்கு அதில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகையில் கொழுந்தெடுக்கும்போது நிஜக் காட்டெருமையே வந்தது. பெரிய பாறைக்குப் பக்கத்தில் நின்றது. நான் கையைத் தூக்கினேன். டஸ்ட் என்னைத் திரும்பிப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. மோசஸ் அண்ணன் அதைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு போனார்.

ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் கையைத் தூக்கி என்ன பயன்? என் கையே எனக்குத் தெரியாது. விசில் ஊதலாம் என்றால், விசில் கேட்டதும் எல்லோரும் கொழுந்து நிறுக்கக் கிளம்பிவிடுவார்கள். சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். என் குரல் உனக்குத் தெரியுமே. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அப்பா எதிர்ச் சரிவில் நின்றுகொண்டு, “கத்து புள்ள, கேக்கல” என்பார். நான் கத்துவேன். “இன்னும் கேக்கல” என்பார். டஸ்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை பங்களா ரோட்டுக்கு மேலே இருந்த தேயிலைக் காட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். பேச்சி அக்காவும் கால் சரியாகி அன்றைக்குத்தான் வந்திருந்தார். பனி சட்டென்று இறங்கி, பக்கத்து நிரையில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. மேலே செடி முறியும் சத்தம் கேட்டது. அப்புறம் காட்டெருமையின் அந்த மூச்சு. ஒன்றல்ல, கூட்டம். டஸ்ட் எங்கேயோ முன்னால் உறுமுவது கேட்டது. பேச்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கத்தினேன் அம்மா. “டஸ்ட், இரு” என்று. அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

உறுமல் நின்றுவிட்டது. காட்டெருமைகள் எங்கள் நிரைகளுக்கு நடுவிலேயே நடந்து இறங்கின. ஒன்றின் வயிறு கைக்கு எட்டும் தூரத்தில் போனது. ஈரச் சாணி வாசனை. அவை ரோட்டைத் தாண்டிப் போன பிறகு பனி கொஞ்சம் விலகியது. பார்த்தால், டஸ்ட் மட்டுமில்லை, எல்லோருமே உட்கார்ந்திருந்தார்கள். கூடையோடு கருப்பம்மா அக்கா, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுரேஷின் அம்மா, கானுக்குள் மோசஸ் அண்ணன்.

கருப்பம்மா அக்காதான் முதலில் பேசினார். “ஏன்டி, இத்தன நாளா இந்தத் தொண்டைய எங்கடி வெச்சிருந்தே?” பேச்சி அக்கா சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் எல்லோரும். மோசஸ் அண்ணன் கால்சட்டையில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே, “நாய் இருக்கட்டும். ஆனா நீ என்னைப் பாத்து அப்பிடிக் கத்தாதே சாமி” என்றார். நான் டஸ்ட் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்து போய், பையில் இருந்த கருவாட்டை எல்லாம் கொடுத்துவிட்டேன்.

இப்போது மேல் காட்டில் இருப்பவர்களை டீ குடிக்கக் கூப்பிட வேண்டுமென்றால் என்னைத்தான் கத்தச் சொல்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூப்பிடுகிறேன்.

இன்னொன்று. நீ வேலை செய்யும் வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்வதாகவும், தை மாதம் நீ அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் நௌஷாத் அண்ணன் சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். “அவ இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் கம்பளியை மடிக்கப் போய்விட்டார். மடித்த கம்பளியையே திரும்ப மடித்தார். என் மனதில் இருப்பதை நான் இதில் எழுதவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உனக்கு லீவான ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, என்னிடம் கொடுக்கச் சொல். அப்பா பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. நான் பேசுவேன். நீ கேள்.

வெயிலில் அதிகம் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் பிரியமுள்ள மகள்,
ரஞ்சனி