வெந்தயக் கூழ்க் கதிரை

கண்டி,
1936 ஜூன் 3, புதன்.

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

நானும் வீடும் சுகம். நீரும் மகள் சரோஜினிதேவியும் பேரனும் அவ்வாறே இருக்கச் சிவபெருமான் துணை.

பழைய பத்திரிகைகளை ஊறவைத்து, வெந்தயமும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்து இடித்து, உமது தாயார் பெட்டி செய்த அதே கூழில் கதிரை வார்ப்பதாக மே 11ஆம் திகதி எழுதியிருந்தேன். இக்காலத்து மோஸ்தர்: இருக்கையும் சாய்மானமும் ஒரே வார்ப்பு, ஓராணியும் இல்லை. நேற்று முன்தினம் தளபாடக் கடை மஹ்மூத் அமர்ந்து பார்த்தார். "ஐயா, கதிரை எண்டு சொன்னீங்க, இது வட்டிலப்பம் மாதிரி ஆடுதே" என்றார். சொல்லி முடிக்குமுன் தரையில் இருந்தார். மூன்று வாரமாகியும் உள்ளே ஈரம், அடியில் பூஞ்சணம்.

செய்ய நினைத்தவை இரண்டு. ஒன்று உமக்கு. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் வருவதாகச் சொல்லி ஜனவரி 8ஆம் திகதி ரயிலேறினீர். நினைவூட்டுவதற்காக இதை எழுதவில்லை.

உமது அன்பின்,
வே. இராமநாதன்.

கோண்டாவில்.

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகளும் நானும் சிரித்த சிரிப்பில் தொட்டிலிலே பிள்ளை எழும்பிவிட்டான். மஹ்மூத் நானாவுக்கு அடியொன்றும் படவில்லையே?

கண்டி மழையில் கூழ் காயும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எங்கள் அம்மா வறண்ட சோளகக் காற்று எழும்பும்வரை காத்திருந்து, சுடுமணலில் அல்லவா கவிழ்த்து வைப்பா. இங்கே இப்போது சோளகம்தான்.

என் நெஞ்சும் அந்தக் கூழைப் போலத்தான். இங்கு வந்த பிறகு ஒரு நாளும் இழுப்பு வரவில்லை. அந்த வீட்டு ஈரத்துக்குத் திரும்பப் பயமாக இருக்கிறது. பென்சன் எடுத்ததும் ஊருக்குப் போவோம் என்றேன். கண்டியை விடமாட்டேன் என்றீர்கள். இனி என்னை வா என்று எழுதாதேயுங்கள். இராச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்,
மங்களம்.

கண்டி,
1936 ஜூன் 16, செவ்வாய்.

அன்புள்ள மங்களத்துக்கு,

உமது கடிதத்தில் திகதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து ஜூன் 9 என்று நானே குறித்துக்கொண்டேன். மஹ்மூத் நலம். இராவில் பாணும் சம்பலும். சில நாள் அவர் வீட்டு இடியப்பம்.

உமது நெஞ்சைப் பற்றி எழுதியதற்கு நான்கு தடவை மறுமொழி எழுதிக் கிழித்தேன். கிழித்த தாள்களையும் பத்திரிகைகளோடு சாக்கில் கட்டிவிட்டேன், கூழுக்கு உதவும். கதிரை வார்த்த அச்சையும் சாக்கில் சுற்றியாயிற்று. அதை ரயிலில் அனுப்பிவைக்கலாம் என்றிருந்தேன். தூக்க வந்த மஹ்மூத், "அச்ச மட்டும் அனுப்பினா அம்மா அதுக்கிட்டயா பேசுவாங்க? நீங்களும் போங்க ஐயா" என்றார். வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூன் 20, சனிக்கிழமை, கோண்டாவிலில் இறங்குவேன். திரும்பும் திகதியை மஹ்மூத் கேட்டார். கதிரைகள் இரண்டும் அங்கே வார்த்துக் காய்ந்த பின்னர் என்றேன். காய்ந்தனவா இல்லையா என்பதை நீரே தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும். அவசரமில்லை.

உமது,
இராமநாதன்.